பிளக்கை மாற்றுவதற்கு முன்

மாணவர்களே, புல் வெட்டும் இயந்திரத்தின் கயிற்றைப் பத்து முறை இழுத்தும் அது ஓடவில்லை என்றால், பக்கத்தில் நிற்பவர் என்ன சொல்வார்? "பிளக் போயிருக்கும், புதுசு வாங்கிப் போடு." அதற்கும் ஓடாவிட்டால் கார்புரேட்டரை மாற்றச் சொல்வார். என்னைக் கேட்டால் இது பழுது பார்ப்பதே அல்ல, சீட்டுக் குலுக்கிப் பார்ப்பது.

தமிழ்ப்பள்ளி அறிவியல் பாடத்தில் 'மாறி' பற்றிப் படித்திருப்பீர்கள். ஒன்றை மட்டும் மாற்று, மற்றவற்றை அப்படியே வை என்பது விதி. தேர்வுத் தாளில் அதைச் சரியாக எழுதும் நாம், வீட்டுக் கொட்டகைக்குள் நுழைந்ததும் மறந்துவிடுகிறோம்.

சிறிய பெட்ரோல் இயந்திரத்துக்குத் தேவையானவை அதிகமில்லை. காற்றும் பெட்ரோலும் சரியான அளவில் கலக்க வேண்டும். ஒரு கிராம் பெட்ரோல் முழுமையாக எரிய ஏறக்குறைய 14.7 கிராம் காற்று தேவை. அந்தக் கலவை சிலிண்டருக்குள் நன்றாக அழுத்தப்பட வேண்டும். சரியான நேரத்தில் தீப்பொறி வர வேண்டும். எரிந்த புகை தடையின்றி வெளியேற வேண்டும். கோளாறு இவற்றுள் ஒன்றில்தான் இருக்கும். எதில் என்று ஊகிக்காமல் இயந்திரத்தையே கேட்கலாம்.

முதல் கேள்விக்குச் செலவே இல்லை. கயிற்றைச் சில முறை இழுத்தபின் பிளக்கைக் கழற்றி அதன் முனையைப் பாருங்கள். ஈரமாக இருந்தால் பெட்ரோல் சிலிண்டர் வரை வந்துவிட்டது. தொட்டி, குழாய், வடிகட்டி எல்லாம் சந்தேகப் பட்டியலிலிருந்து நீங்கிவிடும். ஒன்று, சோக்கை அளவுக்கு மீறிப் பயன்படுத்தியதால் பெட்ரோல் தேங்கியிருக்கும். அல்லது தீப்பொறி வரவில்லை. முனை காய்ந்திருந்தால் பெட்ரோல் வழியில் எங்கோ நின்றுவிட்டது. ஒரே பார்வையில் பட்டியல் ஏறக்குறைய பாதியாகிறது. எட்டுக் காரணங்கள் இருந்தாலும், பாதி பாதியாகக் கழிக்கும் மூன்று கேள்விகள் போதும்.

சோக் போட்டால் ஓடுகிறது, எடுத்தால் நின்றுவிடுகிறது என்பதும் ஒரு பதில்தான். சோக் காற்றைக் குறைத்துப் பெட்ரோலைக் கூட்டுகிறது. அப்படியானால் இயந்திரம் பெட்ரோல் போதாமல் தவிக்கிறது. மாதக்கணக்கில் தொட்டியில் கிடந்த பெட்ரோலில் எளிதில் ஆவியாகும் பகுதி போய்விடும். மிஞ்சியது பிசினாகி, கார்புரேட்டரின் நுண்ணிய துளைகளை அடைத்துவிடும்.

எனக்கு மிகவும் பிடித்த கோளாறு வேறு. இயந்திரம் ஐந்து நிமிடம் நன்றாக ஓடி, தானாக நின்றுவிடும். எல்லாரும் "சூடாகிவிட்டது" என்பார்கள். ஆனால் பெட்ரோல் தொட்டியின் மூடியில் காற்று நுழைய ஒரு சிறு வழி உண்டு. பெட்ரோல் குறையக் குறைய அந்த இடத்தைக் காற்று நிரப்ப வேண்டும். புல்தூசி அந்த வழியை அடைத்துவிட்டால், தொட்டிக்குள் அழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தத்தைவிடக் குறைந்து, பெட்ரோல் வருவது நின்றுவிடும்.

இப்போது பிளக்கை மாற்றுபவரைக் கவனியுங்கள். மாற்றும்போதே மூடியைத் திறந்து கொஞ்சம் பெட்ரோலும் ஊற்றுகிறார். காற்று உள்ளே போய்விடுகிறது. இயந்திரம் ஓடுகிறது. புகழ் முழுவதும் புதுப் பிளக்குக்கு! நல்ல பழைய பிளக் குப்பைத் தொட்டிக்குப் போகிறது. சற்று நேரத்தில் இயந்திரம் மீண்டும் நிற்கும்போது "பிளக் தரமில்லை" என்று கடைக்காரருக்குத் திட்டு விழும்.

சரியான சோதனை எது? இயந்திரம் நன்றாக ஆறியபின் மூடியின் காற்று வழியை மட்டும் சுத்தம் செய்து, வேறு எதையும் தொடாமல் ஓட்டிப் பார்ப்பது. ஐந்து நிமிடத்தைத் தாண்டி ஓடினால் காரணம் கிடைத்தது. மறுபடியும் நின்றால், சூட்டில் செயலிழக்கும் தீப்பொறிக் காயிலைச் சந்தேகிக்கலாம்.

பட்டறைக்காரர் பாகங்களை மாற்றிப் பார்ப்பதை நான் குறை சொல்ல மாட்டேன்; வரிசையில் பத்து இயந்திரங்கள் காத்திருக்கும்போது அவருக்கு நேரம்தான் பணம். உங்களுக்கு ஒரு சனிக்கிழமை முழுவதும் இருக்கிறது. பெரியவர் ஒருவரை உடன் வைத்துக்கொள்ளுங்கள். கத்தியின் பக்கம் கை போகும் முன் பிளக் ஒயரைக் கழற்றிவிடுங்கள். கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை என்பதால், ஓட்டிப் பார்ப்பதைக் கொட்டகைக்குள் அல்ல, வெளியே வைத்துக்கொள்ளுங்கள். கையில் ஒரு நோட்டும் பென்சிலும் இருக்கட்டும்: எதை மாற்றினீர்கள், பிறகு எத்தனை நிமிடம் ஓடியது.