விழித்திருப்பது கல்வியாகுமா?

நோயாளியின் படுக்கையருகே நின்று கற்பதே மருத்துவக் கல்விக்கு உயிர்நாடி என்பதை மறுப்பார் எவருமிலர். ஏட்டில் படித்த காய்ச்சலுக்கும் கட்டிலில் நடுங்கும் காய்ச்சலுக்கும் உள்ள வேற்றுமையை மருத்துவமனையே உணர்த்தும். ஆனால், அவ்வுண்மையைக் கேடயமாக ஏந்திக்கொண்டு, நெடுநேரம் நிற்கும் மாணவனே நிறையக் கற்கிறான் என்று சாதிப்போர் இன்றும் உளர். இக்கூற்று ஆராயத்தக்கது.

இம்மரபு அமெரிக்காவில் வேரூன்றிய வரலாறு விந்தையானது. 1889ஆம் ஆண்டு பால்டிமோரில் திறக்கப்பட்ட ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில், பயிற்சி மருத்துவர்கள் அங்கேயே தங்கி இரவு பகல் பாராது உழைக்கும் முறையை அறுவை மருத்துவர் வில்லியம் ஹால்ஸ்டெட் நிலைநாட்டினார். அவர் மேதை; ஐயமில்லை. ஆயினும், கோக்கேயினுக்கும் பின்னர் மார்ஃபினுக்கும் அடிமைப்பட்டவர் அவர் என்பதை அம்முறையைப் போற்றுவோர் உரக்கச் சொல்வதில்லை.

1984 மார்ச்சில் லிபி சயன் என்னும் 18 வயது இளம்பெண், காய்ச்சலுக்காக நியூயார்க் நகர மருத்துவமனை ஒன்றில் சேர்க்கப்பட்டுச் சில மணி நேரத்தில் உயிரிழந்தாள். அவளைக் கவனித்தவர்கள் நீண்ட பணியில் இருந்த பயிற்சி மருத்துவர்கள். இதழாளரான தந்தை விடாது போராடினார். 1989இல் நியூயார்க் மாநிலம் வாரத்துக்கு 80 மணி, தொடர்ச்சியாக 24 மணி என வரம்பு கட்டிற்று. 2003இல் 80 மணி வரம்பு நாடு முழுமைக்கும் வந்தது. எண்பது மணி! அந்நாட்டு ஆலைத் தொழிலாளியின் இரண்டு வார வேலை அது. அதையும் சலுகை என்கின்றனர்.

ஊதியம் பெறும் மருத்துவருக்கே இந்நிலை என்றால், கட்டணம் செலுத்திக் கற்கும் மாணவனைக் கேட்பானேன்? அவனுக்குரிய வரம்பை அந்தந்தக் கல்லூரியே வகுக்க வேண்டும். பல கல்லூரிகளோ மருத்துவருக்குரிய அதே 80 மணியை அவனுக்கும் எழுதி வைத்துள்ளன. அறுவைப் பிரிவுக்குச் செல்பவன் விடியுமுன் வருகிறான். நோயாளிகளைப் பார்த்த பின், வெட்டிய சதையை விலக்கிப் பிடிக்கும் கருவியோடு மணிக்கணக்கில் நிற்கிறான். மாலையில் வீடு செல்லலாமா என்று கேட்க அஞ்சுகிறான். மதிப்பீடு எழுதுபவர் அந்த மூத்தவர் அல்லவா? சில வாரங்களில் அப்பிரிவுக்கான எழுத்துத் தேர்வு வந்து நிற்கிறது. படிப்பது எப்போது? புள்ளி குறைந்தால் முயற்சி போதாது என்ற பழியும் அவனையே சேரும்.

பயிற்றுப்பணிக்கு வந்த பயிற்சி ஆசிரியரை நாள் முழுதும் வகுப்பின் பின்புறம் நிற்க வைத்துவிட்டு, பாடம் நடத்தக் கற்றுவிட்டார் என்று எந்த விரிவுரைஞரும் சான்றளிப்பதில்லை. நடத்திய பாடத்தைப் பார்த்து, குறை கூறித் திருத்தினால்தான் அது பயிற்சி. மருத்துவத்தில் மட்டும் இவ்விதி செல்லாதோ?

17 மணி நேரம் விழித்திருப்பவரின் செயல்திறன், இரத்தத்தில் 0.05 விழுக்காடு மது கலந்தவரின் நிலைக்குத் தாழ்கிறது என ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 1997இல் காட்டினர். நீண்ட பணிமுறையில் இருந்த பயிற்சி மருத்துவர்கள், குறுகிய முறையில் இருந்தோரைவிட 36 விழுக்காடு அதிகமாகக் கடுந்தவறுகள் செய்தனர் எனப் பாஸ்டன் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் நடந்த ஆய்வு 2004இல் கண்டது. பகலில் கற்றதை நினைவில் ஊன்றச் செய்வதும் உறக்கமே. உறக்கத்தைப் பறித்துவிட்டு நினைவாற்றலைச் சோதிப்பது என்ன நீதி?

எதிர்ப்போர் 2016இல் வெளிவந்த ஓர் ஆய்வை நீட்டுவர். அறுவைப் பயிற்சியில் பணிநேர விதிகளைத் தளர்த்தியும் நோயாளிகளுக்குக் கேடு கூடவில்லை என்பது அதன் முடிவு. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால், அங்கு இரு சாராரும் 80 மணி வார வரம்புக்குள் இருந்தவர்களே. மாணவர்கள் அதில் இடம்பெறவே இல்லை. அடிக்கடி ஆள் மாறினால் நோயாளியைப் பற்றிய செய்தி தவறிப்போகும் என்பது அவர்களின் மற்றொரு வாதம். உண்மைதான். அப்படியானால் செய்தியைப் பிழையின்றி ஒப்படைக்கும் கலையையல்லவா மாணவனுக்குக் கற்பிக்க வேண்டும்?

மருத்துவக் கல்லூரிகள் செய்யத்தக்கது கடினமன்று. எந்த மணியில் எதைக் கற்க மாணவன் நிறுத்தப்படுகிறான் என்பதை ஒவ்வொரு பிரிவும் எழுதிக் காட்டட்டும். எழுத இயலாத மணிகளுக்கு அவனை வீட்டுக்கு அனுப்பட்டும்.