பணம் கட்டச் சொன்னால் அது நன்கொடை அல்ல

கேள்வி: நாங்கள் 60 விவசாயிகள் ஒரே ஏரிப் பாசனத்தில் பயிர் செய்கிறோம். இரண்டு வருடத்துக்கு முன் சங்கம் பதிவு செய்தோம். வரத்துக் கால்வாய் தூர்வார வேண்டும். நெல் காயவைக்கக் களம் வேண்டும். களை எடுக்கும் இயந்திரமும் வேண்டும். வெளிநாட்டு அறக்கட்டளையிடமிருந்து 40 லட்சம் ரூபாய் வாங்கித் தருவதாக ஒருவர் வந்திருக்கிறார். ஃபைல் செலவுக்கு முதலில் 60,000 ரூபாய் கட்டச் சொல்கிறார். நவரை நடவுக்கு வைத்திருக்கும் பணத்தில் ஆளுக்கு ஆயிரம் போடலாமா?
– வெம்பாக்கம் வட்டத்திலிருந்து ஒரு வாசகர்

பதில்: போடாதீர்கள். பணம் கொடுப்பதற்கு முன்பே கேட்டீர்களே, அது நல்லது. இதே போல இன்னும் பல ஊர்களில் இருந்து கேட்கிறார்கள். அதனால் இந்த இதழ்ப் பகுதி முழுவதையும் இதற்கே ஒதுக்குகிறேன்.

முதலில் அந்த 40 லட்சத்தைப் பார்ப்போம். வெளிநாட்டுப் பணம் வாங்க ஒரு சங்கத்துக்கு வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் மத்திய உள்துறை அமைச்சகத்தின் பதிவு வேண்டும். அதற்குச் சங்கம் தொடங்கி மூன்று ஆண்டு ஆகியிருக்க வேண்டும். அந்த மூன்று ஆண்டில் தன் நோக்கத்துக்காகக் குறைந்தது 15 லட்சம் ரூபாய் செலவு செய்த கணக்கும் காட்ட வேண்டும். உங்கள் சங்கத்துக்கு வயது இரண்டு. புதிய சங்கங்களுக்கு முன் அனுமதி என்று ஒரு வழி இருக்கிறது. ஆனால் அதற்கு, பணம் தருபவரே தொகையும் நோக்கமும் குறிப்பிட்டு உங்கள் சங்கத்தின் பெயருக்கு எழுதிய கடிதம் வேண்டும். வந்தவர் அப்படி ஒரு கடிதத்தைக் காட்டினாரா என்று கேளுங்கள்.

"எங்கள் அறக்கட்டளைக்குப் பதிவு இருக்கிறது, நாங்கள் வாங்கி உங்களுக்குத் தருகிறோம்" என்று அவர் சொல்லலாம். 2020ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, வெளிநாட்டு நன்கொடை பெற்ற அமைப்பு அதை இன்னோர் அமைப்புக்கு மாற்றிக் கொடுக்கச் சட்டத்தில் இடமில்லை. அந்தப் பணம் முதலில் வந்து சேர வேண்டிய இடமும் ஒன்றுதான், புதுதில்லியில் உள்ள பாரத ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளை. ஆக, இவர் சொல்லும் வழியில் அந்தப் பணம் உங்கள் ஊருக்கு வந்து சேராது.

அடுத்தது கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதி. மாங்கால் கூட்ரோடு பக்கம் செய்யாறு சிப்காட்டில் இத்தனை கம்பெனிகள் இருக்கின்றனவே, அவர்களிடம் கேட்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். கேட்கலாம். 2013ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டப்படி, ஆண்டு நிகர லாபம் 5 கோடி ரூபாயோ, விற்றுமுதல் 1,000 கோடியோ, நிகர மதிப்பு 500 கோடியோ உள்ள கம்பெனி, தன் மூன்று ஆண்டு சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். தொழில் நடக்கும் சுற்றுவட்டாரத்துக்கு முன்னுரிமை தர வேண்டும் என்றும் அதே சட்டம் சொல்கிறது. கிராம மேம்பாடு அனுமதிக்கப்பட்ட பணிகளில் ஒன்று.

ஆனால் அந்தப் பணம் ஒரு சங்கத்தின் கைக்கு வர, வருமான வரித் துறையின் 12ஏ, 80ஜி பதிவுகள் வேண்டும். கம்பெனி விவகார அமைச்சகத்தில் சி.எஸ்.ஆர்-1 படிவம் தாக்கல் செய்திருக்க வேண்டும். அதே வகை வேலையை மூன்று ஆண்டு செய்த அனுபவமும் வேண்டும். உங்களுக்கு இன்னும் காலம் இருக்கிறது. அதுவரை கம்பெனி தானே நேராக வேலையைச் செய்து கொடுக்கலாம், அல்லது தன் அறக்கட்டளை வழியாகச் செய்யலாம். நம் மாவட்டத்துப் படவேட்டுப் பகுதியில் டி.வி.எஸ். குழுமத்தின் ஸ்ரீனிவாசன் சேவை அறக்கட்டளை பல ஆண்டுகளாக வேலை செய்துவருவது பலருக்குத் தெரியும்.

சரி, உங்களுக்கு இப்போதே என்ன கிடைக்கும்? கேட்டிருக்கும் மூன்றையும் தனித்தனியாகப் பார்ப்போம்.

கால்வாயும் களமும்: ஊரக வளர்ச்சித் துறையின் "நமக்கு நாமே" திட்டத்தைப் பாருங்கள். பொதுவாக வேலை மதிப்பில் மூன்றில் ஒரு பங்கு மக்கள் பங்களிப்பு, மீதி அரசு. நீங்கள் திரட்ட நினைத்த அதே 60,000 ரூபாயை இதில் பங்களிப்பாகச் செலுத்தி, பணிக்கு அனுமதியும் கிடைத்தால் 1,80,000 ரூபாய்க்கு வேலை நடக்கும். செலுத்தும் பணம் அரசுக் கணக்கில் சேரும், ரசீதும் உண்டு. மனுவை வட்டார வளர்ச்சி அலுவலகத்தில் கொடுங்கள். மதிப்பீடு போடுவது அவர்களுடைய பொறியாளர். உங்கள் ஏரி ஊராட்சி ஒன்றியத்துடையதா, நீர்வளத் துறையுடையதா என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். 40 ஹெக்டேருக்குக் குறைவான ஆயக்கட்டு என்றால் பெரும்பாலும் ஒன்றியத்துடையது. ஏரி வண்டலை வயலுக்கு அடிக்க நினைப்பவர்கள் வட்டாட்சியரிடம் தனியாக மனு கொடுக்கலாம். விவசாயத்துக்கு எடுக்கும் வண்டலுக்குக் கட்டணம் இல்லை.

இயந்திரம்: வேளாண்மைப் பொறியியல் துறையில் சிறு, குறு விவசாயிகளுக்கும் பெண்களுக்கும் ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கும் 50 சதவீதமும், மற்றவர்களுக்கு 40 சதவீதமும், உச்சவரம்புக்கு உட்பட்டு மானியம் உண்டு. உழவன் செயலியிலேயே பதிவு செய்யலாம். குழுவாகச் சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதற்கு நம் மாநிலத்திலேயே உதாரணம் இருக்கிறது. 2017-18இல் தொடங்கிய கூட்டுப் பண்ணையத் திட்டத்தில் 100 சிறு, குறு விவசாயிகள் கொண்ட உழவர் உற்பத்தியாளர் குழுவுக்கு 5 லட்சம் ரூபாய் தொகுப்பு நிதி தரப்பட்டது. எந்த இயந்திரம் வாங்குவது என்பதைக் குழுவே கூடி முடிவு செய்தது. இடையில் ஆள் வைத்து முன்பணம் கட்டும் ஏற்பாடு எதுவும் அதில் இல்லை.

விளைபொருளைச் சேர்ந்து விற்பதுதான் நோக்கம் என்றால் சங்கம் போதாது, உழவர் உற்பத்தியாளர் கம்பெனி வேண்டும். 2020ஆம் ஆண்டு மத்தியத் திட்டத்தில், சமவெளியில் 300 உறுப்பினர் இருந்தால், உறுப்பினர் போட்ட பங்குத் தொகைக்கு ஈடாக ஆளுக்கு 2,000 ரூபாய் வரை, மொத்தம் 15 லட்சம் வரை பங்கு மானியம் என்று வைத்தார்கள். அதிலும் பாருங்கள், உறுப்பினர் பங்கு முதலில், அரசின் பங்கு பிறகு. இதுபற்றி நம் மாவட்டத்துக்கான நபார்டு வங்கி மேலாளரிடமும் வேளாண் வணிகத் துறையிலும் கேட்கலாம்.

எந்த நிதியானாலும் கொடுப்பவர் முதலில் கேட்பது உங்கள் புத்தகங்களை. ஆகவே இந்த மாதமே நான்கு வேலை செய்யுங்கள்.

1. சங்கத்தின் பெயரில் வங்கிக் கணக்கு, குறைந்தது இரண்டு பேர் கையெழுத்தில் இயங்கும்படி இருக்கட்டும். தனி ஆள் கணக்கில் சங்கப் பணம் வேண்டாம்.

2. தீர்மானப் புத்தகம், ரசீதுப் புத்தகம், ரொக்கப் புத்தகம் மூன்றும் அன்றன்றைக்கு எழுதப்படட்டும். மாதச் சந்தா 50 ரூபாயானாலும் வரவு வையுங்கள்.

3. 1975ஆம் ஆண்டு தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி ஆண்டுதோறும் பொதுக்குழு கூட்டி, கணக்கையும் உறுப்பினர் பட்டியலையும் மாவட்டப் பதிவாளரிடம் தாக்கல் செய்ய வேண்டும். இரண்டு ஆண்டும் செய்தீர்களா என்று செயலாளரைக் கேளுங்கள். விட்டுப்போயிருந்தால் உடனே முடியுங்கள்.

4. சங்கத்துக்குப் பான் எண் வாங்கி, 12ஏ பதிவுக்கு விண்ணப்பியுங்கள். அதற்கு அரசுக் கட்டணம் இல்லை. நிதி ஆயோக்கின் தர்ப்பண் தளத்தில் பதிவதும் இலவசம். ஆடிட்டருக்குத் தரும் கூலி மட்டும்தான் செலவு, அதற்கும் ரசீது வாங்குங்கள்.

வந்தவரை விரட்ட வேண்டாம். "உங்கள் கூலியை, பணம் எங்கள் சங்கக் கணக்கில் ஏறிய பிறகு பேசிக்கொள்ளலாம், அதுவும் நிதி தருபவர் எழுத்தில் ஒப்புக்கொண்டால்" என்று சொல்லுங்கள். உண்மையானவராக இருந்தால் உட்கார்ந்து பேசுவார். யாராவது ஏற்கெனவே ஃபோனில் பணம் அனுப்பியிருந்தால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்கு அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ அவ்வளவுக்குப் பணத்தை நிறுத்திவைக்க வாய்ப்பு அதிகம்.

நடவுக்கு வைத்த ஆயிரம் ரூபாய் நடவுக்கே போகட்டும். கலெக்டர் அலுவலகத்தில் மாதந்தோறும் நடக்கும் விவசாயிகள் குறைதீர்வு நாள் கூட்டத்துக்குச் சங்கத் தீர்மானத்தோடு மூன்று பேர் போங்கள். மனுவைக் கொடுத்து, மனு எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். மதிப்பீடு போடுவதில் சந்தேகம் வந்தால் எழுதுங்கள், அடுத்த இதழில் அதைப் பார்ப்போம்.