சீசன் வேலைக்கும் ஒரு கணக்கு நோட்டு வேண்டும்

நீலகிரிச் சிறு விவசாயிகளைச் சந்திக்கும்போதெல்லாம், “மண் பரிசோதனை செய்தீர்களா?” என்பதுதான் என் முதல் கேள்வியாக இருக்கும். சில ஆண்டுகளாக இன்னொரு கேள்வியையும் சேர்த்துக் கேட்டு வருகிறேன். “சீசனுக்கு உங்கள் வீட்டிலிருந்து எத்தனை பேர் வேலைக்குப் போகிறார்கள்?” என்பது அது.

உரம், பூச்சி மருந்து, விதை நேர்த்தி பற்றி எழுத வேண்டிய பக்கத்தில் இது எதற்கு என்று சிலர் நினைக்கலாம். காரணம் இருக்கிறது. ஒன்றரை ஏக்கர் தேயிலை வைத்திருப்பவர் பச்சைத் தேயிலைக்குத் தாமே விலை வைக்க முடியாது. கவாத்து செய்த ஆண்டில் சில மாதங்களுக்கு இலையே கிடையாது. கேரட், பீட்ரூட் போட்டவருக்கு மகசூல் நன்றாக வந்தாலும் மேட்டுப்பாளையம் மண்டியில் விலை சரிந்தால் அறுப்புக் கூலி கூட நிற்காது. இந்தக் குறையை எல்லாம் ஈடுகட்டுவது ஏப்ரல், மே மாதங்களிலும், செப்டம்பர், அக்டோபரிலும் உதகை, குன்னூர், கோத்தகிரி விடுதிகளில் நம் பிள்ளைகள் வாங்கி வரும் கூலிதான். உரத்துக்கும் விதைக்கும் போகும் பணத்தில் ஒரு பங்கு இந்தக் கூலியிலிருந்து வருகிறது. ஆகவே அந்தக் கூலிக்குச் சட்டத்தில் என்ன பாதுகாப்பு என்பது விவசாயப் பிரச்சினையே ஆகும்.

இரண்டு மலை, இரண்டு சட்டமா?

கோத்தகிரி பக்கத்தில் ஒரு விவசாயியின் தோட்டத்துக்குக் கொப்புள நோய் பார்க்கப் போயிருந்தேன். அவருடைய மகள் கையில் மாவுக்கட்டுடன் உட்கார்ந்திருந்தாள். விடுதி ஒன்றில் அறை சுத்தம் செய்யும் வேலை. மே மாதத்தில் காலை 6 மணிக்குப் போனால் இரவு 10 மணிக்குத்தான் வீடு. ஈரப் படிக்கட்டில் படுக்கை விரிப்பு மூட்டையுடன் வழுக்கி விழுந்து மணிக்கட்டு உடைந்தது. முதலாளி ஆட்டோவுக்குப் பணம் கொடுத்து, “சரியானதும் வா” என்று அனுப்பி விட்டார். 18 நாள் கூலி பாக்கி. அவள் அங்கே வேலை செய்தாள் என்பதற்கு ஒரு துண்டுச் சீட்டு கூட இல்லை.

அதே குடும்பத்தில் அவளுடைய சித்தி எதிர் மலையில் உள்ள எஸ்டேட்டில் நிரந்தரத் தொழிலாளி. முந்திய ஆண்டு கவாத்துக் கத்தி காலில் பட்டபோது எஸ்டேட் மருத்துவமனையில் தையல் போட்டு, ஊதியத்துடன் விடுப்பும் கொடுத்தார்கள். அந்த விவசாயி என்னிடம் கேட்டார்: “ஐயா, ரெண்டு பேரும் கூலிக்குத்தானே போறாங்க? சட்டம் மலைக்கு மலை மாறுமா?”

எனக்கு அன்று பதில் தெரியவில்லை. கொப்புள நோய்க்கு மருந்து சொல்லி விட்டு வந்து விட்டேன். பிறகு தொழிலாளர் சட்டம் தெரிந்தவர்களிடம் கேட்டும், சட்டங்களைப் படித்தும் அறிந்தவற்றை இங்கே எழுதுகிறேன்.

தலை எண்ணிப் பார்க்கும் சட்டம்

எஸ்டேட் தொழிலாளிக்கு 1951ஆம் ஆண்டிலேயே தோட்டத் தொழிலாளர் சட்டம் வந்தது. வீடு, மருத்துவம், குழந்தைக் காப்பகம், ஊதியத்துடன் விடுப்பு எல்லாம் அதில் அடங்கியிருந்தன. சட்டம் வந்ததோடு சங்கங்களும் இருந்ததால் அது ஓரளவு நடைமுறைக்கும் வந்தது. மத்திய அரசு 29 தொழிலாளர் சட்டங்களை 4 தொகுப்புகளாக்கி 2025 நவம்பர் 21 முதல் அமலுக்குக் கொண்டு வந்திருக்கிறது. தோட்டத் தொழிலாளர் சட்டமும் அந்தத் தொகுப்பில் சேர்ந்து விட்டது.

விடுதித் தொழிலாளிக்குச் சட்டமே இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் அது தலை எண்ணிப் பார்த்துத்தான் உதவிக்கு வருகிறது. இ.எஸ்.ஐ. மருத்துவக் காப்பீட்டுக்கு 10 பேர் வேலை செய்ய வேண்டும். பணிக்கொடைக்கும் 10 பேர். வருங்கால வைப்பு நிதிக்கு 20 பேர். எழுத்து மூலம் நியமனக் கடிதம் கொடுக்க வேண்டும் என்ற புதிய விதியும் 10 பேர் உள்ள நிறுவனத்துக்குத்தான். 24 மாதங்களில் 480 நாள் வேலை செய்தவரை நிரந்தரமாக்க வேண்டும் என்று 1981ஆம் ஆண்டில் வந்த தமிழ்நாட்டுச் சட்டத்துக்கு 50 பேர் வேண்டும்.

நம் மலைகளில் பெரும்பாலான காட்டேஜுகளும் சிறு விடுதிகளும் இந்தக் கணக்குக்குக் கீழே நிற்பவை. சில இடங்களில் 14 பேர் வேலை செய்வார்கள், பதிவேட்டில் 9 பெயர்தான் இருக்கும். மற்ற 5 பேர் “சீசன் ஆட்கள்”. எடை மேடையில் ஒரு காலை வெளியே வைத்து நிற்பது போன்றது இது. சட்டப்படி பார்த்தால் சீசனுக்கு வந்தவரும் ஒரு தலைதான்.

“சீசன்” என்ற ஒரு சொல்

நிரந்தரத் தகுதி அளிக்கும் 1981ஆம் ஆண்டுச் சட்டத்தில் பருவகால நிறுவனங்களுக்கு விலக்கு இருக்கிறது. இந்த விலக்கு நிறுவனத்துக்கானது. தொழிலாளியைச் சீசன் ஆள் என்று அழைத்ததாலேயே நிறுவனம் பருவகால நிறுவனம் ஆகி விடாது. ஆண்டு முழுவதும் கதவு திறந்து, தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வார விடுமுறைக்கும் அறை வாடகை வாங்கும் பெரிய விடுதியைப் பருவகால நிறுவனம் என்று எப்படிச் சொல்வது? மே மாதத்தில் பூக்கண்காட்சிக்குக் கூட்டம் கூடுகிறது என்பதற்காக மற்ற மாதங்களில் விடுதி மூடிக் கிடப்பதில்லையே.

பணிக்கொடையில் சட்டம் கொஞ்சம் இரக்கம் காட்டுகிறது. 10 பேர் உள்ள நிறுவனத்தில் ஓராண்டுப் பணிக்கு 15 நாள் ஊதியம் என்பது பொதுக் கணக்கு. உண்மையிலேயே பருவகால நிறுவனமாக இருந்தால் ஒவ்வொரு சீசனுக்கும் 7 நாள் ஊதியம் என்று கணக்கிட வேண்டும். இதைக் கேட்டு வாங்கிய சீசன் தொழிலாளி ஒருவரைக் கூட நான் சந்தித்ததில்லை. கேட்பதற்கு உரிமை உண்டு என்பதே தெரியாதபோது எப்படிக் கேட்பார்கள்?

எல்லோருக்கும் உள்ள உரிமைகள்

எண்ணிக்கை எதுவானாலும், ஒரே ஒரு ஆள் வேலை செய்தாலும், சில உரிமைகள் உண்டு. விவசாயிகள் இவற்றைத் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது.

1. குறைந்தபட்ச ஊதியம். ஓட்டல், உணவு விடுதித் தொழிலுக்குத் தமிழ்நாடு அரசு தனியே நிர்ணயித்திருக்கிறது. அடிப்படை ஊதியமும் அகவிலைப்படியும் சேர்ந்தது அது. அகவிலைப்படி மாறிக்கொண்டிருப்பதால் போன ஆண்டுக் கணக்கை வைத்துப் பேசக் கூடாது. தொழிலாளர் உதவி ஆய்வாளர் அலுவலகத்தில் கேட்டால் இன்றைய தொகையைச் சொல்வார்கள்.

2. மாதச் சம்பளத்தை அடுத்த மாதம் 7ஆம் தேதிக்குள் கொடுக்க வேண்டும். வேலையை விட்டு நின்றாலும் நிறுத்தப்பட்டாலும் 2 வேலை நாட்களுக்குள் பாக்கி முழுவதையும் தீர்க்க வேண்டும். “அடுத்த சீசனுக்கு வரும்போது வாங்கிக்கொள்” என்பது சட்டப்படி செல்லாது.

3. வாரம் 48 மணி நேரத்துக்கு மேற்பட்ட வேலைக்கு இரட்டிப்புக் கூலி. சாப்பாடும் படுக்க இடமும் கொடுத்தோம் என்று சொல்லி இதைக் கழிக்க முடியாது.

4. கூலி பாக்கிக்கு 3 ஆண்டுகளுக்குள் மனுச் செய்யலாம். தொழிலாளி தாமே கொடுக்கலாம், சங்கத்தின் மூலமும் கொடுக்கலாம். கூலியைக் கொடுத்து விட்டோம் என்று நிரூபிக்கும் பொறுப்பு முதலாளியுடையது.

5. பெண்களுக்குத் தொல்லை நேர்ந்தால் 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி 3 மாதத்துக்குள் புகார் செய்யலாம். 10 பேருக்குக் குறைவான இடமாக இருந்தால் மாவட்ட அளவில் உள்ள உள்ளூர்க் குழுவிடம் கொடுக்க வேண்டும். விருந்தாளி செய்த தொல்லைக்கும் இது பொருந்தும்.

6. 14 வயது நிரம்பாத பிள்ளைகளைக் கோடை விடுமுறையில் விடுதி வேலைக்கு அனுப்புவதும் வைத்துக்கொள்வதும் குற்றம். ஓட்டல், விடுதிகளில் இந்தத் தடை 2006 அக்டோபரிலேயே வந்து விட்டது.

நோட்டு எழுதுங்கள்

தேயிலைக்குக் கவாத்துத் தேதி, உரம் போட்ட தேதி, இலை எடை எல்லாம் எழுதி வையுங்கள் என்று நாங்கள் சொல்லி வருகிறோம். எழுதி வைத்தவர்களுக்குப் பலன் கிடைத்திருக்கிறது. அதே பழக்கத்தை இதற்கும் சிபாரிசு செய்கிறேன். வேலைக்குப் போகிறவர் ஒரு சிறு நோட்டில் தேதி, போன நேரம், திரும்பிய நேரம், வாங்கிய பணம், கூட வேலை செய்தவர்களின் பெயர் ஆகியவற்றை அன்றாடம் எழுத வேண்டும். கையில் பணமாக வாங்குவதை விட வங்கிக் கணக்கில் வாங்குவது நல்லது. செல்போனில் முதலாளி அனுப்பும் தகவல்களை அழிக்காமல் வைத்திருக்க வேண்டும். இவை சிறு காரியங்கள்தான். கோத்தகிரிப் பெண்ணிடம் இவற்றில் ஒன்று இருந்திருந்தாலும் அந்த 18 நாள் கூலிக்கு வழி பிறந்திருக்கும்.

2020 மார்ச் 25 அன்று ஊரடங்கு வந்தது. அந்த ஆண்டுக் கோடை சீசன் முழுவதும் போயிற்று. நலவாரியத்தில் பதிந்திருந்தவர்கள் சிலருக்கு அரசின் ரொக்க உதவி கிடைத்தது. விடுதிகளில் பெயர் இல்லாமல் வேலை செய்தவர்கள் தாங்கள் தொழிலாளிகள் என்றே காட்ட முடியவில்லை. 2021ஆம் ஆண்டிலும் இதே கதைதான். வேன், ஜீப் ஓட்டுகிறவர்கள் அமைப்புசாரா ஓட்டுநர் நலவாரியத்தில் பதிந்துகொள்ளலாம். மற்றவர்கள் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மத்திய அரசின் இ-ஷ்ரம் பதிவையாவது செய்துகொள்ள வேண்டும்.

நாமும் முதலாளிதான்

விடுதிக்காரரை மட்டும் குறை சொல்லி முடித்தால் அது நேர்மையாகாது. நம்மில் பலர் வீட்டின் ஒரு பகுதியை விருந்தினருக்கு வாடகைக்கு விடுகிறோம். கேரட் பிடுங்கவும் கழுவவும் ஆள் வைக்கிறோம். மருந்து தெளிக்க ஆள் கூப்பிடுகிறோம். அப்போது நாம் முதலாளி. குறைந்தபட்ச ஊதியச் சட்டம் விவசாயக் கூலிக்கும் உண்டு. பயிருக்கு மருந்து தெளிப்பவருக்கு விபத்து நேர்ந்தால் இழப்பீடு கொடுக்கும் பொறுப்பு வைத்தவருக்கு உண்டு. கையுறையும் முகமூடியும் இல்லாமல் தெளிக்கச் சொல்லி விட்டு, நம் மகளுக்கு மட்டும் நியாயம் கேட்பது சரியல்ல.

முதலாளிகள் சொல்வதிலும் நியாயம் உண்டு

ஆறு அறை வைத்திருக்கும் ஒருவரிடம் இதைப் பற்றிப் பேசினேன். உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் இ-பாஸ் வந்ததையும், 2025 ஏப்ரலில் உதகைக்கு வார நாளில் 6,000, வார இறுதியில் 8,000 வாகனம் என்று வரம்பு வைத்ததையும் சொன்னார். வருமானம் நிச்சயமில்லாதபோது ஆண்டு முழுவதும் ஆளை வைத்துச் சம்பளம் எப்படிக் கொடுப்பது என்பது அவர் கேள்வி. மலை தாங்கும் அளவுக்குத்தான் வண்டி வர வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. மண் அரிப்பையும் குடிநீர்ப் பஞ்சத்தையும் கண்ணால் பார்ப்பவன் நான். அவருடைய கஷ்டமும் உண்மையே. ஆனால் அந்த நிச்சயமின்மையை முழுவதும் தாங்குவது விரிப்பு மாற்றும் பெண்ணாக இருக்கக் கூடாது.

இதற்கு ஒரு வழி நம் மாநிலத்திலேயே இருக்கிறது. கட்டடத் தொழிலாளி இன்று ஒரு மேஸ்திரியிடமும் நாளை வேறொருவரிடமும் வேலை செய்கிறார். எந்த முதலாளியின் பதிவேட்டிலும் அவர் நிலையாக இல்லை. அப்படியிருந்தும் கட்டுமானச் செலவில் 1 சதவீதம் வரியாகப் பிடித்து, நலவாரியத்தின் மூலம் அவருக்கு விபத்து உதவியும் ஓய்வூதியமும் கொடுக்க வழி செய்திருக்கிறார்கள். சுற்றுலா விடுதி அறை வாடகையிலும் ஒரு சிறு பங்கைப் பிடித்து, சீசன் தொழிலாளிகளுக்கு அதேபோல் ஒரு நிதி ஏற்படுத்தலாம். பணம் கொடுப்பவர் சுற்றுலாப் பயணி. ஆறு அறைக்காரருக்குப் பெரிய பாரம் இல்லை. தொழிலாளியின் உரிமை விடுதியில் எத்தனை தலை என்ற கணக்கைப் பொறுத்திராமல், அவர் வேலை செய்த நாளைப் பொறுத்து அமையும்.

இன்னொன்றும் செய்யலாம். ஒவ்வொரு மார்ச் மாதமும், சீசன் தொடங்கும் முன்பு, தொழிலாளர் துறை அலுவலர்கள் கிராமங்களுக்கே வந்து முகாம் நடத்த வேண்டும். வேளாண்மை, தோட்டக்கலைத் துறைகள் நடத்தும் விவசாயிகள் கூட்டங்களில் அவர்களுக்கு அரை மணி நேரம் ஒதுக்கினாலே போதும். பச்சைத் தேயிலை விலைக்காகப் போராடும் விவசாயிகள் சங்கங்கள் தங்கள் கோரிக்கையில் இதையும் சேர்க்க வேண்டும். ஒரே குடும்பத்துக்கு இலை விலையும் சீசன் கூலியும் சேர்ந்ததுதான் வருமானம்.

அந்தப் பெண்ணின் கை குணமாகி விட்டது. அடுத்த சீசனுக்கு வேறு விடுதியில் வேலை கேட்டிருப்பதாக அவள் தகப்பனார் சொன்னார். இந்த முறை சம்பளம், வேலை நேரம், வார விடுமுறை மூன்றையும் எழுதித் தரச் சொல்லும்படி அவரிடம் சொல்லியிருக்கிறேன். எழுதித் தர மறுத்தால், அவளே முதல் நாளிலிருந்து எழுதத் தொடங்க வேண்டும். விதை வாங்கும்போது ரசீது கேட்கும் விவசாயி, பிள்ளையின் உழைப்புக்கும் ரசீது கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.