செம்பனைத் தோட்டத்தில் டிரோன்: இயக்கப் போவது யார்?

செம்பனைத் தோட்டங்களில் மருந்து அடிக்க டிரோன்கள் வரத் தொடங்கிவிட்டன. பல காலமாக முதுகில் பம்பைச் சுமந்து அந்த வேலையைச் செய்தவர்கள் நம் தோட்டத்துப் பெண்கள். இனி டிரோனை இயக்கப் போவது அவர்களின் பிள்ளைகளா, வெளியாட்களா?

பறக்கவிடத் தெரிந்தால் மட்டும் போதாது. சி.ஏ.ஏ.எம். அங்கீகரித்த பயிற்சி மையத்தில் படித்து ஆர்.சி.ஓ.சி.-பி சான்றிதழ் பெற வேண்டும். மருந்து தெளிக்க, அதற்கு மேல் விவசாயத்துக்கான தனிப் பயிற்சியும் உண்டு. கல்யாண வீட்டில் படமெடுத்த அனுபவம் இங்கே கணக்கில் வராது.

கட்டணம்தான் பலருக்குத் தடை. ஆனால், எச்.ஆர்.டி. கோர்ப்புக்கு லெவி கட்டும் நிர்வாகம் தன் தொழிலாளியின் பயிற்சிச் செலவுக்கு அந்தப் பணத்தைக் கோரலாம். 2021 முதல் விவசாயத் துறையும் இதில் அடக்கம். விண்ணப்பிக்க வேண்டியது நிர்வாகம். அதை வலியுறுத்த வேண்டியது தொழிற்சங்கம். குத்தகையாளரிடம் தினக்கூலிக்குப் போகும் இளைஞருக்குத்தான் இந்த வழி எளிதில் திறப்பதில்லை.