பட்டதாரிக்கு ஒரு மனு எழுதத் தெரியுமா?

உங்கள் வீட்டில் பட்டதாரி யாராவது இருக்கிறார்களா? பி.ஏ., பி.காம்., பி.இ. எதுவானாலும் சரி. ஒரு வெள்ளைத்தாளைக் கொடுத்து, 'நம்ம தெருவுல மூணு வாரமா விளக்கு எரியலை. நகராட்சி ஆணையருக்கு அரைப் பக்கத்தில் ஒரு மனு எழுது' என்று சொல்லிப் பாருங்கள். தமிழோ, ஆங்கிலமோ, அவர் இஷ்டம்.

அனுப்புநர், பெறுநர், பொருள் வரைக்கும் கடகடவென்று வந்துவிடும். 'மதிப்பிற்குரிய ஐயா' போட்ட பிறகு பேனா நின்றுவிடும். எந்தத் தெரு, எத்தனை கம்பம், எந்தத் தேதியிலிருந்து எரியவில்லை, ஏற்கெனவே யாரிடம் சொன்னோம், இப்போது என்ன வேண்டும்? இந்த ஐந்தையும் வரிசையாகச் சொல்ல வராது. கடைசியில் 'தாங்கள் தயவுகூர்ந்து ஆவன செய்யுமாறு' என்று ஒரு கும்பிடு.

பிள்ளையைத் திட்டாதீர்கள். அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

நம் கல்லூரிகளில் பெரும்பாலான பட்டப் படிப்புகளுக்குப் பகுதி 1 தமிழ், பகுதி 2 ஆங்கிலம் என்று மொழிப் பாடம் உண்டு. அதில் செய்யுள் இருக்கும், சிறுகதை இருக்கும், இலக்கிய வரலாறு இருக்கும். எழுதுவது எப்படி என்பது மட்டும் இருக்காது. நோட்ஸை மனப்பாடம் பண்ணி மூன்று மணி நேரத்தில் கொட்டிவிட்டு வருவதற்குப் பெயர் எழுத்தா? மாணவன் தானாக யோசித்து எழுதிய ஒரு பக்கத்தைப் படித்து, 'இந்த இடம் புரியலை, மறுபடி எழுதிட்டு வா' என்று எந்த ஆசிரியராவது திருப்பிக் கொடுத்திருக்கிறாரா? விசாரித்துப் பாருங்கள்.

பேச்சும் அதே கதைதான். 1967-ல் மேடைப் பேச்சின் பலத்தில் ஆட்சியே மாறிய மாநிலம் இது. ஆனால் பேச்சுப் போட்டிகளில் என்ன நடக்கிறது? ஆசிரியரோ அப்பாவோ எழுதித் தருகிறார். பிள்ளை ஏற்ற இறக்கத்தோடு ஒப்பித்துக் கோப்பை வாங்குகிறது. நடுவில் ஒரு எதிர்க்கேள்வி கேட்டால் போச்சு!

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் ரெட்டரிக் என்று ஒரு பாடம் உண்டு. சொல்வன்மை என்று வைத்துக்கொள்ளலாம். கேட்பவரை வாதத்தால் இணங்க வைக்கும் கலை. நம்மை இணங்க வைக்கப் பார்க்கிறவரின் வித்தையைக் கண்டுபிடிக்கும் கலையும் அதேதான். ஹார்வர்டில் இதற்கென்றே ஏற்படுத்திய பதவியில் 1806-ல் முதன்முதலாகப் பாடம் நடத்த வந்தவர் ஜான் குவின்சி ஆடம்ஸ். 1825-ல் அவர் ஜனாதிபதியாகவே ஆனார். அதே ஹார்வர்டில் 1872-ல் வேர்விட்ட கட்டுரைப் பயிற்சி, கணக்குப் படிக்க வந்தவருக்கும் கட்டாயம். ஒரு வகுப்பில் சுமார் 15 பேர். எழுத வேண்டும், திருத்தம் வாங்க வேண்டும், திரும்ப எழுத வேண்டும். ஆஸ்டினில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகம் 1993-ல் இதை ஆங்கிலத் துறையிலிருந்து பிரித்துத் தனிப் பிரிவாக்கியது. அங்கே இதில் பட்டமே வாங்கலாம்.

எனக்குப் பிடித்தது இன்னொன்று. அங்கே பல கல்லூரிகளில் எழுத்து உதவி மையம் இருக்கிறது. அதில் உட்கார்ந்து ஜூனியரின் கட்டுரையைப் படித்து யோசனை சொல்பவர்களும் மாணவர்கள்தான். அதற்குச் சம்பளம் உண்டு. பிரவுன் பல்கலைக்கழகம் 1982-லேயே இப்படி மாணவர்களைப் பழக்கி இறக்கிவிட்டது. இளங்கலை மாணவர்களின் ஆய்வுக் கட்டுரைகளுக்கென்றே இந்தத் துறையில் 2003-லிருந்து ஒரு இதழ் வருகிறது.

'வந்துட்டார்யா, அமெரிக்காவுக்கு ஜால்ரா போட!' என்கிறீர்களா? அங்கேயும் இந்த வகுப்புகளைக் குறைந்த சம்பளத்துக்கு ஒப்பந்த ஆசிரியர்கள்தான் பெருமளவு சுமக்கிறார்கள், நம் ஊர் கௌரவ விரிவுரையாளர்கள் மாதிரி. அதைக் காப்பியடிக்க வேண்டாம்.

அமெரிக்காவே வேண்டாம், பவணந்தி முனிவரிடம் வாருங்கள். 13-ம் நூற்றாண்டில் அவர் எழுதிய நன்னூலின் பாயிரத்தில் ஒரு நூலுக்கு ஆகாத பத்துக் குற்றம், இருக்க வேண்டிய பத்து அழகு, 32 உத்தி எல்லாம் இருக்கின்றன. சொன்னதையே சொல்லாதே, நீட்டி முழக்காதே, முன்னுக்குப்பின் முரணாகப் பேசாதே, விஷயத்தை விட்டு வேறெங்கோ போகாதே என்பதெல்லாம் அதில் அடக்கம். நாம் என்ன செய்தோம்? 'பத்துக் குற்றங்கள் யாவை?' என்று ஐந்து மார்க் கேள்வியாக்கிவிட்டோம். அந்தப் பத்தும் அந்த விடைத்தாளிலேயே இருக்கும்!

இதில் அடிபடுவது யார்? வசதியான வீட்டுப் பிள்ளைக்குத் திருத்திக் கொடுக்க அம்மா, அப்பா, சித்தப்பா இருக்கிறார்கள். ஹரியானாவின் அசோகா பல்கலைக்கழகம் மாதிரி எழுத்துக்கு மையம் வைத்திருக்கும் தனியார் இடங்களுக்கும் அது போகலாம். உதவித்தொகை கிடைக்காத ஏழைக்கு அந்தக் கட்டணம் எட்டாது. வீட்டிலேயே முதன்முதலாகக் கல்லூரிக்குப் போன பிள்ளைதான் வேலை விண்ணப்பத்தில் தோற்கிறது. திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் வாசலில் காசு கொடுத்து மனு எழுதி வாங்குகிறது. 2005-ல் தகவல் உரிமைச் சட்டம் வந்துவிட்டது. ஆனால் சரியான கேள்வியைச் சரியாக எழுதத் தெரியாதவருக்கு அந்தச் சட்டம் பூட்டிய கதவுதான்.

'இப்பதான் கம்ப்யூட்டரே எழுதித் தருதே சார்' என்பார்கள். தரும். 2022 கடைசியில் சாட்ஜிபிடி வந்ததிலிருந்து வண்டி வண்டியாகத் தருகிறது. உங்கள் தெருவில் எந்தக் கம்பம் எரியவில்லை என்று அதற்குத் தெரியுமா? அது எழுதித் தந்ததில் எது பொய், எது வெறும் பசப்பு என்று எழுதத் தெரிந்தவரால்தான் சட்டென்று கண்டுபிடிக்க முடியும்.

'வகுப்பில் 60 பேர். யார் திருத்துவது?' நியாயமான கேள்வி. அதற்குத்தான் மாணவர்களையே கேட்கிறேன். ஒவ்வொரு அரசுக் கல்லூரியிலும் ஒரு அறை, நாலு மேஜை. நன்றாக எழுதும் சீனியர்களுக்குப் பயிற்சி கொடுத்து, மணிக்கணக்கில் சம்பளம் போட்டு உட்கார வையுங்கள். மொழிப் பாடத்தில் இரண்டு செமஸ்டரை எழுத்துக்கு ஒதுக்குங்கள். பத்தே பக்கம், ஆனால் ஒவ்வொன்றும் இரண்டு தடவை எழுதியதாக இருக்கட்டும். பரீட்சையில் ஒரு விளம்பரத்தையோ அரசியல் பேச்சையோ கொடுத்து, 'இதில் உன்னை எங்கே ஏமாற்றப் பார்க்கிறார்கள்?' என்று ஒரு கேள்வி கேளுங்கள். அரசியல்வாதிகள் சம்மதிப்பார்களா என்பது வேறு விஷயம்.

அட்மிஷன் சமயத்தில் ஹாஸ்டல், பஸ், கேம்பஸ் இன்டர்வியூ என்று எல்லாம் விசாரிக்கிறீர்கள். இந்த வருஷம் இன்னொன்றும் கேளுங்கள்: 'என் பிள்ளை எழுதுவதைப் படித்துத் திருத்த இங்கே யார் இருக்கிறார்கள்?'

பதில் வராவிட்டால் பல்கலைக்கழகத்துக்கு ஒரு மனு போடுங்கள். அதை உங்கள் பிள்ளையே எழுதட்டும். இரண்டு தடவை.