அடுப்படியிலும் ஒரு டக்ட் உண்டு!



ஆண்டு மலருக்குக் கவிதை ஒன்று கொடு என்றுதான் கேட்டார்கள். நமக்குக் கவிதை வராது. அதனால் புகையைப் பற்றி எழுதுகிறேன்.

குளிர்சாதனப் பாடத்தில் 'டக்ட்' என்று ஒன்று படிக்கிறோம். தகரத்தால் செய்த காற்றுக் குழாய். பெரிய ஆஸ்பத்திரி, ஓட்டல், தியேட்டர் இவற்றின் கூரைக்குள்ளே ஓடும். அதில் தூசி சேரும் என்று சொல்லி, சுத்தம் செய்து தரும் கம்பெனிகள் பெரிய ஊர்களில் இருக்கின்றன. அமெரிக்காவில் வீட்டுக்கு வீடு டக்ட் உண்டு. அங்கே இது பெரிய வியாபாரம். ஆனால் அந்த நாட்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையே 1997-ல் ஒரு கையேடு போட்டு உண்மையை உடைத்தது. டக்டைச் சுத்தம் செய்தால் நோய் வராது என்பதற்கு நிரூபணம் இல்லை. உள்ளே பூஞ்சை பிடித்திருந்தாலோ, எலி, பூச்சி குடியிருந்தாலோ, தூசி அடைத்துக்கொண்டாலோ செய்யலாம் என்றது. விளம்பரத்துக்கு ஓடாதே, அழுக்கு எங்கே என்று பார் என்பதுதான் இதன் சாரம்.

சரி, நம்ம தேவாரத்துக்கு வருவோம். நம் வீடுகளில் டக்ட் ஏது? பல வீடுகளில் இருந்த ஒரே குழாய் ஊதாங்குழல்தான்! சிரிக்காதீர்கள். அந்தக் குழலை ஊதியவர்கள் நம் அம்மாமார்கள். ஒரு ஊது உள்ளே போனால் இரண்டு மூச்சுப் புகை நெஞ்சுக்குள் வந்தது.

விறகுப் புகையில் 2.5 மைக்ரானுக்கும் குறைந்த துகள்கள் உண்டு. தலைமுடியின் கனத்தில் ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்கு. மூக்கில் தங்காமல் நேராக நுரையீரலின் அடி வரைக்கும் போய் உட்கார்ந்துகொள்ளும். சமையல் புகையால் கெட்ட வீட்டுக் காற்று 2020-ல் மட்டும் உலகத்தில் சுமார் 32 லட்சம் உயிர்களைக் கொண்டுபோனது என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

"அதான் கேஸ் வந்துருச்சேப்பா" என்பீர்கள். வந்தது. 2006-க்குப் பிறகு தமிழக அரசு இலவச கேஸ் அடுப்பு கொடுத்தது. 2016-ல் மத்திய அரசின் உஜ்வலா திட்டம் வந்தது. நல்ல காரியம்தான், மறுக்கவில்லை. ஆனாலும் வெந்நீருக்கு விறகு, விசேஷச் சமையலுக்கு விறகு, சிலிண்டர் தீர்ந்தால் மறுபடியும் விறகு. கேஸ் அடுப்பிலும் மிளகாய் தாளிக்கும் நெடி, எண்ணெய்ப் புகை எல்லாம் உண்டு. அது போக வழி வேண்டாமா? வெண்டிலேட்டரைப் பார்த்தால் பூனை வருதுன்னு அட்டை வைத்து அடைத்திருக்கும். எக்ஸாஸ்ட் ஃபேன் எண்ணெய்ப் பிசுக்கில் சுற்ற முடியாமல் முனகும்.

இந்த இடத்தில் ஒரு விஷயம் என் மனதை அறுக்கிறது. மலைக்கு மேலே ஏலத்தோட்டங்களில் ஏலக்காய் காயவைக்கும் பழைய ஸ்டோர்களைப் பார்த்திருப்பீர்கள். சூளை வெளியே எரியும். சூடான புகை தகரக் குழாய்க்குள் அறையைச் சுற்றி வந்து, கூரைக்கு மேலே வெளியேறும். அறைக்குள் 45, 50 டிகிரி வெப்பம் மட்டும் இறங்கும். காயில் புகை படக்கூடாது. பட்டால் மணம் போச்சு, விலையும் போச்சு!

அந்தக் காயைப் பறிக்க விடிகாலையில் ஜீப் ஏறும் நம் ஊர்ப் பெண்கள், அதற்கு முன்னாலேயே எழுந்து புகைக்குள் உட்கார்ந்து சோறாக்கிவிட்டுப் போகிறார்கள். ஏலக்காய்க்குக் கொடுத்த மரியாதையை அதைப் பறித்த கைக்காரிக்குக் கொடுத்தோமா? டெக்னாலஜி இல்லாமல் இல்லை நண்பர்களே. அது அடுப்படிக்குள் நுழையவில்லை, அவ்வளவுதான்.

புகைக்கூண்டு வைத்துவிட்டால் மட்டும் போதுமா? போதாது. எஸ்தர் டஃப்லோவும் இரண்டு ஆய்வாளர்களும் ஒடிசா கிராமங்களில் புகைக்கூண்டு வைத்த அடுப்புகளை நான்கு ஆண்டுகள் கவனித்து, 2012-ல் முடிவை வெளியிட்டார்கள். (டஃப்லோ 2019-ல் பொருளாதார நோபல் பரிசு பெற்றவர்.) முதல் ஆண்டில் சமைப்பவரின் நெஞ்சுக்குள் போகும் புகை குறைந்தது. பிறகு பலன் மறைந்துபோனது. ஏன்? அடுப்பை ஒழுங்காகப் பயன்படுத்தவில்லை, பராமரிக்கவும் இல்லை.

ஒரு சின்னக் கணக்கு போடுங்கள். 4 அங்குலக் குழாய். உட்சுவரில் சுற்றிலும் 1 அங்குலம் கரி படிந்தால் மீதி விட்டம் 2 அங்குலம். பாதி வழி இருக்குன்னு நினைப்போம். தப்பு! பரப்பளவு விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. மிச்சம் இருப்பது கால் பங்கு வழிதான். மீதிப் புகை எங்கே போகும்? அம்மாவின் முகத்துக்குத்தான்.

ஆகவே நம் வீட்டு 'டக்ட் கிளீனிங்' இதுதான். வெண்டிலேட்டர் அட்டையைப் பிடுங்கி ஒட்டடை அடியுங்கள். அடுப்பு ஆறிய பிறகு, மூக்கில் துணி கட்டிக்கொண்டு புகைக்கூண்டுக் கரியைத் தட்டுங்கள். எக்ஸாஸ்ட் ஃபேனுக்கு மின்சாரத்தை நிறுத்திவிட்டு, மோட்டாரில் தண்ணீர் படாமல் இறக்கைப் பிசுக்கைத் துடையுங்கள். ஃபேன் சுற்றும்போது எதிர்ப்பக்க ஜன்னலோ கதவோ திறந்திருக்கட்டும். உள்ளே காற்று வந்தால்தானே வெளியே போகும்? ஸ்பிளிட் ஏசி உள்ளவர்களுக்கும் ஒரு வார்த்தை: அது அறைக்காற்றையே சுற்றவிடுகிறது, புதுக்காற்றைக் கொண்டுவருவதில்லை. ஃபில்டரைக் கழுவுங்கள், அவ்வப்போது ஜன்னலைத் திறங்கள்.

என் யோசனை ஒன்று. நாட்டு நலப்பணித் திட்ட முகாமில் வருடாவருடம் தெருவைப் பெருக்குகிறோம், போட்டோ எடுக்கிறோம், வருகிறோம். இந்த முறை கிராமத்து வீடுகளுக்குள் அனுமதி கேட்டுப் போவோம். மெக்கானிக்கல் பிரிவு புகைக்கூண்டைப் பார்க்கட்டும். எலெக்ட்ரிக்கல் பிரிவு ஃபேனைப் பார்க்கட்டும். சிவில் பிரிவு ஜன்னல், வெண்டிலேட்டர் எங்கே வேண்டும் என்று சொல்லட்டும்.

"டிப்ளமோ படிச்சிட்டுக் கரி அள்ளவாடா?" என்று ஒருவன் கேட்டான். ஆமாண்டா தம்பி. அந்தக் கரியை இத்தனை காலம் மூச்சில் அள்ளியவள் உன் அம்மா. நாம் கையால் அள்ளினால் குறைந்தா போவோம்?

லீவுக்கு ஊருக்குப் போனதும் தட்டில் சோறு வருமுன் அடுப்படிக் கூரையை ஒருமுறை அண்ணாந்து பாருங்கள். அங்கே படிந்திருக்கும் கறுப்பு நம் பாடத்தில் வராத கேள்வி. பதில் எழுத வேண்டியது நாம்தான்!