பேயா? மூளையா?

சங்கரன்கோவில் கோமதியம்மன் சந்நிதிக்கு முன்னால் தரையில் ஒரு சக்கரக் குழி இருக்கின்றது. வலிப்புக் கண்டவர்களையும், சித்தங் கலங்கியவர்களையும் "பேய் பிடித்தது" என்று சொல்லி அதில் உட்கார வைப்பது வழக்கம்.

பேய் எங்கே இருக்கின்றது என்று நாம் கேட்கின்றோம். மண்டைக்குள் இருப்பது சுமார் 1.4 கிலோ எடையுள்ள மூளைதான். அதிலுள்ள சுமார் 8,600 கோடி நரம்பணுக்கள் மின்சாரத்தாலும் ரசாயனத்தாலும் ஒன்றுக்கொன்று சேதி அனுப்புகின்றன. நினைப்பு, பேச்சு, பயம், பக்தி யாவும் அதன் வேலையே. 1924-ல் ஜெர்மனி வைத்தியர் ஹான்ஸ் பெர்கர் மனித மூளையின் மின்சாரத்தைக் கருவியில் பதிந்து காட்டினார். அணுக்கள் பல ஒரே சமயத்தில் முறைதவறி மின்சாரத்தைக் கொட்டுவதுதான் வலிப்பு. தக்க மருந்தை ஒழுங்காய்ச் சாப்பிட்டால் 100-க்கு 70 பேர் வரை வலிப்பின்றி வாழலாம்.

மருந்தை விட்டுத் தெய்வத்தை நம்பிய பலன் என்ன? 2001 ஆகஸ்டு 6-ல் ஏர்வாடியில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டுண்டிருந்த 28 மனநோயாளிகள் ஓட வழியின்றிக் கருகி மாண்டார்கள்.

பல் வலித்தால் பல் வைத்தியரைத் தேடுகின்றவர்கள், மூளைக்கு நோய் வந்தால் மாத்திரம் குழியைத் தேடுவானேன்? திருநெல்வேலியில் அரசாங்க மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கின்றது. தோழர்களே, குழியில் கழிக்கும் ஒவ்வொரு நாளும் நோயாளிக்கே நஷ்டம் என்பதை யோசித்துப் பாருங்கள்.